உல்லாசமும் உத்தியோகமும்

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஆண்டுதோறும் மே மாதம் பிறந்துவிட்டால் ஒரே பேச்சுத்தான். பன்னிரண்டாம் வகுப்பை முடித்த பிள்ளையை எதில் சேர்ப்பது? பொறியியல், மருத்துவம், கணக்குத் தணிக்கை ஆகிய மூன்றும் வாயிலில் வந்து நிற்கும். மூன்றும் கைகூடாவிடில் வங்கித் தேர்வு. அதுவும் இல்லையேல் மத்திய சர்க்கார் தேர்வு. நாமும் அவ்வழி வந்தவர்தாம். கலைப் பட்டம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு தேர்வெழுதி, மொழிபெயர்ப்பாளராக மேசை முன் அமர்ந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே, இங்கே நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் நம் தொழிலுக்குச் சற்று அயலானது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம்.

சென்ற கோடையில், நம் குடியிருப்பில் அடுத்த வீட்டு நண்பர் ஒரு மாலை தம் மகளுடன் வந்தார். அவரும் நம்மைப் போல் ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளர். "சார், இவள் சுற்றுலாத் துறையில் சேரப் போகிறாளாம். வெளிநாட்டாருக்குக் குடை பிடித்துக்கொண்டு கோட்டை கோட்டையாகச் சுற்றுவதற்கா இவளைப் படிக்க வைத்தேன்? நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள்" என்றார். அந்தப் பெண் நம்மை நேராகப் பார்த்து, "மாமா, அந்த வேலை என்னவென்றே அப்பாவுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்பதே நேர்மையான விடை. தெரிந்துகொண்டு சொல்கிறோம் என்று கூறி இருவரையும் அனுப்பினோம். அதன்பின் சில மாதங்கள், விடுமுறை நாட்களில், அத்தொழிலில் உள்ளோரிடம் கேட்டும் உடன் சென்று பார்த்தும் அறிந்தவற்றையே நேயர்களுக்குச் சொல்லப் போகிறோம்.

நண்பரின் மனத்தில் இருந்த தப்பெண்ணத்திற்கு நம்மைப் போன்ற மொழிபெயர்ப்பாளர்களும் ஓரளவு பொறுப்பாளிகளே. 'டூரிஸ்ட்' என்ற சொல்லை முன்னாளில் 'உல்லாசப் பிரயாணி' என்று தமிழில் எழுதினார்கள். பின்னர் 'சுற்றுலா' வந்து நிலைத்தது. 'உல்லாசம்' என்ற சொல் போயிற்றே தவிர அதன் வாசனை போகவில்லை. சுற்றுலாத் துறையில் வேலை என்றால் சுற்றிப் பார்ப்பதே வேலை என்று பெற்றோர் எண்ணுகிறார்கள். சில பிள்ளைகளும் அவ்வாறே எண்ணிச் சேர்ந்துவிட்டுப் பின்னர் வருந்துகிறார்கள். பயணம் செய்பவருக்கு அது உல்லாசம். பயணம் செய்விப்பவருக்கோ அது காலை நான்கு மணிக்கு எழுந்து, நாற்பது பேருக்குக் காபி கிடைத்ததா என்று பார்க்கும் வேலை. கல்யாண வீட்டில் விருந்தினருக்கும் சமையற்காரருக்கும் உள்ள வேறுபாடே இவ்விருவருக்கும் உள்ளது.

இத்தொழில் நம் நாட்டில் எவ்வளவு வளர்ந்துள்ளது என்பதற்கு இரண்டொரு கணக்குகள் போதும். சுதந்திரத்திற்குப் பின் 1949-ஆம் ஆண்டில் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இதற்கென ஒரு சிறு பிரிவு ஏற்பட்டது. 1951-ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 16,829 பேர். 1956-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மாநாட்டுக்கு வந்த பிரதிநிதிகளைத் தங்கவைக்கத் தில்லியில் அசோகா ஓட்டல் எழுந்தது. 1966-ஆம் ஆண்டில் இந்தியச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் தோன்றியது. 2019-ஆம் ஆண்டிலோ வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் சுமார் 1 கோடியே 9 இலட்சம். உள்நாட்டார் பயணங்கள் அதே ஆண்டில் 230 கோடிக்கு மேல். ஒருவரே பத்து ஊருக்குச் சென்றால் பத்தாக எண்ணும் கணக்கு அது. அவ்வாறு கழித்துப் பார்த்தாலும் பெருந்தொகைதான். இதில் பெரும்பகுதி காசிக்கும் திருப்பதிக்கும் இராமேசுவரத்திற்கும் போகிற நம்மவர்களே என்பதை மறந்துவிடலாகாது. சுற்றுலா என்றதும் வெள்ளைக்காரரை மட்டும் நினைப்பது பழைய பழக்கம்.

அந்தப் பெண்ணின் விருப்பம் வழிகாட்டியாவது. எனவே முதலில் அத்தொழிலைப் பார்க்கச் சென்றோம். நாற்பது ஆண்டுகளாக ஜெர்மன் மொழியில் வழிகாட்டியாக இருக்கும் முதியவர் ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை குதுப்மினாருக்கு நம்மையும் உடன் அழைத்துச் சென்றார். வழிகாட்டி என்பவர் எண்களை ஒப்பிப்பவர் என்று நாம் எண்ணியிருந்தோம். எழுபத்திரண்டரை மீட்டர் உயரம், 379 படிகள் என்பவற்றை அவர் கடைசியில்தான், அதுவும் ஒருவர் கேட்ட பிறகே சொன்னார். முதலில் எல்லோரையும் நிழலில் நிறுத்தினார். தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார். பிறகு முற்றத்து இரும்புத் தூணைக் காட்டி, "இது துருப்பிடித்திருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்" என்று சொல்லிச் சற்று நேரம் வாய் திறவாமல் நின்றார். பயணிகளே வியப்படைந்து வினாத் தொடுத்த பின்பே, ஏறத்தாழ ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய அந்தத் தூணைப் பற்றியும், அதில் பிராமி எழுத்தில் பொறித்துள்ள 'சந்திரன்' என்ற அரசனைப் பற்றியும், அவ்விரும்பில் உள்ள பாஸ்பரஸ் மேற்பரப்பில் ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்கித் துருவைத் தடுப்பது பற்றியும் பேசினார்.

அருகேயுள்ள பள்ளிவாசலின் தூண்கள் பழைய கோயில்களைச் சேர்ந்தவை என்பதைப் பயணிகள் கண்டுகொண்டு கேட்டார்கள். இருபத்தேழு கோயில்களின் பொருள்களைக் கொண்டு கட்டியதாகக் கீழ்வாயிற் கல்வெட்டே சொல்லுகிறது என்று அவர் கூறினார்; அதற்கு மேல் ஒரு சொல் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. புண்ணான வரலாற்றை மூடி மறைக்காமலும் கிளறி எரியவிடாமலும் சொல்லுவது ஒரு கலை. மினாருக்குள் ஏறலாமா என்று ஒரு சிறுவன் கேட்டான். 1981-ஆம் ஆண்டு டிசம்பரில் உள்ளே நேர்ந்த நெரிசலில் பலர், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள், இறந்ததையும், அன்று முதல் கதவு மூடியிருப்பதையும் அவனுக்கேற்ற சொற்களில் தெரிவித்தார். வெளியே வந்ததும், "இந்தத் தூணை நான் பத்தாயிரம் முறை பார்த்திருக்கிறேன், எதிரே நிற்பவர் முதல் முறை பார்க்கிறார். அதை மறந்துவிட்டால் என் தொழில் போயிற்று" என்று அவர் நம்மிடம் சொன்னார்.

இத்தொழிலைச் சட்டமும் ஒரு பொருட்டாக மதிக்கிறது. 1959-ஆம் ஆண்டின் தொல்பொருட் சின்னங்கள் பற்றிய விதிகளின்படி, பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்தினுள் உரிமம் இன்றிப் பணம் பெற்றுக்கொண்டு எவருக்கும் இடத்தைச் சுற்றிக் காட்டலாகாது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் அங்கீகாரம் பெற்றோர், மாநில அரசுகளின் அங்கீகாரம் பெற்றோர் என வழிகாட்டிகளில் வகைகள் உண்டு. அண்மை ஆண்டுகளில் இணையம் வாயிலாகவும் அமைச்சகம் பயிற்சி அளித்துத் தேர்வு நடத்தத் தொடங்கியது. ஊதியம் மாதச் சம்பளம் அன்று. குழுவில் எத்தனை பேர், அரைநாளா முழுநாளா என்பதைப் பொறுத்துக் கட்டணம் அமையும்; அயல்நாட்டு மொழி தெரிந்தால் அதற்குத் தனியே ஒரு தொகை சேரும்.

அயல்நாட்டு மொழி என்றவுடன் மலைக்க வேண்டியதில்லை. வெளிமாநிலத்தில் வளரும் தமிழ்க் குழந்தை வீட்டில் தமிழ், தெருவில் இந்தியோ வங்காளியோ மராத்தியோ, பள்ளியில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளில் வளர்கிறது. நாலாவது மொழியைக் கற்பது அக்குழந்தைக்குப் பிறரைவிட எளிது. ஜெர்மனுக்கு மாக்ஸ் முல்லர் பவன், பிரெஞ்சுக்கு அலியான்ஸ் பிரான்சேஸ் ஆகியவை பெருநகரங்களில் உள்ளன. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஜப்பானியம், ஸ்பானியம், ருஷ்யம் முதலிய மொழிகளைப் பட்டப் படிப்பாகவே பயிலலாம். ஆங்கிலம் மட்டும் தெரிந்த வழிகாட்டிகள் ஏராளம். பிற மொழி வல்லுநர் சிலரே. நம் பெற்றோர் ஒரு பெரும் பிழை செய்கிறார்கள். பிள்ளைக்கு இந்தி நன்றாக வந்துவிட்டது, இனித் தமிழ் எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். இத்தொழிலில் விலை போவது ஒரு மொழியன்று. இரண்டு மொழிகளுக்கும் நடுவே நிற்கும் ஆற்றலே.

இதை நம் குடும்பத்தில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியே நமக்கு உணர்த்தியது. சில ஆண்டுகளுக்கு முன் நம் அன்னையார் ஒரு யாத்திரைக் குழுவுடன் பிரயாகை, காசி, கயை ஆகிய தலங்களுக்குச் சென்றார். விடுமுறை கிடைக்காமையால் நாம் உடன் செல்லவில்லை. தந்தையாருக்குரிய கடன்களை நாம் முன்பே கயைக்குச் சென்று முடித்திருந்தோம்; அட்சயவடத்தைத் தாமும் ஒரு முறை தரிசித்து, அவரை நினைத்து ஒரு பழத்தை விட்டுவிட்டு வரவேண்டும் என்பது அன்னையாரின் நெடுநாள் விருப்பம். குழுவில் இருந்தவர்கள் நாற்பத்திரண்டு பேர், பெரும்பாலும் முதியோர். ஏற்பாட்டாளர் அமர்த்தியிருந்த இளைஞருக்கு இந்தி தெரியும், ஆங்கிலம் தெரியும், தமிழ் தெரியாது. விஷ்ணுபாதக் கோயில் வாயிலில் அவர், பேருந்து 'தோ பஜே' புறப்படும் என்று அறிவித்தார். இரண்டு மணி என்பது பொருள். நம் பாட்டிமார்களின் காதில் 'தோ' என்பது 'இதோ' என்று விழுந்தது. பேருந்து இதோ புறப்படுகிறது என்று எண்ணிப் பலர் தரிசனத்தைப் பாதியில் விட்டு ஓடிவந்து, பூட்டிய பேருந்தின் அருகே மூன்று மணி நேரம் வெயிலில் நின்றார்கள். அன்னையார் அவர்களுள் ஒருவர். அட்சயவடம் காணாமலே திரும்பினார். மறுமுறை போவதற்கு உடல் இடம் தரவில்லை. இதைச் சிரித்துக்கொண்டேதான் எல்லோரிடமும் சொல்லுவார். ஆயினும் கடைசி வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்த இளைஞர்மேல் நாம் குறை கூறவில்லை. அவர் இடத்தில் ஒரு தமிழ்ப்பிள்ளை இருந்திருந்தால் என்று மட்டும் எண்ணிப் பார்த்தோம். கொல்கத்தாவில் பிறந்து வளர்ந்து, இப்பொழுது தமிழ்நாட்டு யாத்திரிகர்களை வடக்கே அழைத்துச் செல்லும் ஓர் இளைஞரை இம்முறை சந்தித்தோம். தொழிலில் இவரை 'டூர் மேனேஜர்' என்று அழைக்கிறார்கள். வழிகாட்டி ஓர் இடத்தைக் காட்டிவிட்டு மாலையில் வீடு திரும்புவார்; இவரோ புறப்பட்ட நாள் முதல் திரும்பும் நாள் வரை குழுவை விட்டு நீங்குவதில்லை. மறுநாள் நிகழ்ச்சியை இரவுச் சாப்பாட்டின்போது ஒரு முறை, பேருந்தில் ஒரு முறை சொல்லிவிட்டு, தமிழில் எழுதி விடுதிக் கதவிலும் ஒட்டிவிடுவாராம். யாருக்குச் சர்க்கரை நோய், யார் வெங்காயம் உண்ணாதவர், யாருக்குக் கீழ்ப்படுக்கை வேண்டும், எவருடைய மகன் எந்த எண்ணில் கிடைப்பார் என்பவை அனைத்தும் அவருடைய சிறு குறிப்பேட்டில் உள்ளன. "மக்கள் கேட்கும் கேள்விகளில் பாதி, கழிப்பறை எங்கே என்பதுதான். தாஜ்மகாலைப் பற்றிப் புத்தகத்தில் இருக்கிறது, இதற்குப் புத்தகம் இல்லை, நாம்தான் போய்ப் பார்த்து வைக்க வேண்டும்" என்றார். இரயில் எட்டு மணி நேரம் தாமதமானால் நாற்பது பேருக்கு எங்கே சோறு, ஒருவர் மயங்கி விழுந்தால் எந்த மருத்துவமனை என்பவற்றுக்கு அந்தக் கணமே விடை காண வேண்டிய பொறுப்பும் அவருடையதே. இதைக் குடை பிடிக்கும் வேலை என்று யார் சொல்லுவார்?

வங்காளத்தைக் குறிப்பிட்டதால் இன்னொரு தொழிலையும் சொல்லிவிடுவோம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் சென்னை மருத்துவமனைகளுக்கும் வங்காளம், அஸ்ஸாம், ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் நோயாளிகள் தொடர்ந்து வருகிறார்கள். வேலூரில் அம்மருத்துவமனையை அடுத்த தெருக்களில் வங்காள எழுத்தில் பெயர்ப்பலகைகளைக் காணலாம். நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையே மொழிபெயர்க்கவும், அறை பார்த்துத் தரவும், பரிசோதனைச் சீட்டுகளை விளக்கவும் ஆள் தேவை. பெரிய மருத்துவமனைகள் சில இதற்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கின்றன. கொல்கத்தாத் தமிழருக்கு இது கைவந்த வேலை. ஆயினும் இது விளையாட்டன்று. ஒரு சொல் பிசகினால் மருந்தே மாறிவிடும். மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் இதை அழுத்தமாகச் சொல்லுகிறோம்.

இனி ஓட்டல் தொழில். இதுவே இத்துறையில் அதிகம் பேருக்கு நிலையான மாதச் சம்பளம் தருவது. மும்பை தாதரில் 1954-ஆம் ஆண்டில் லீலாவதி முன்ஷி அம்மையாரின் முயற்சியால் தோன்றிய கல்லூரி இவ்வகைக் கல்விக்கு முன்னோடி. இன்று தில்லியில் பூசா, சென்னையில் தரமணி, கொல்கத்தாவில் தாரதலா எனப் பல ஊர்களில் மத்திய அரசின் ஓட்டல் நிர்வாகக் கல்வி நிலையங்கள் உள்ளன. 1982-ஆம் ஆண்டில் அமைந்த தேசிய ஓட்டல் நிர்வாகக் குழுமம் இவற்றுக்குப் பொறுப்பு; சேர்வதற்கு நாடு முழுமைக்கும் ஒரே நுழைவுத் தேர்வு உண்டு. மூன்றாண்டுப் படிப்பில் வரவேற்பு, அறைப் பராமரிப்பு, சமையல், உணவு பரிமாறல் ஆகிய நான்கையும் எல்லோரும் கற்றாக வேண்டும். கட்டில் விரிப்பது முதல் கணக்கெழுதுவது வரை கையால் செய்து பழகுகிறார்கள். நம் வீடுகளில் தட்டைக்கூட எடுத்து வைக்காத பிள்ளைகளுக்கு முதல் மாதம் கடினமாகவே இருக்கும். சைவ உணவுக் குடும்பத்தினர் பலர், அசைவச் சமையல் கற்க வேண்டுமே என்று தயங்குகிறார்கள். 2016-ஆம் ஆண்டளவில் அகமதாபாத், போபால், ஜெய்ப்பூர் நிலையங்களில் சைவம் மட்டுமே பயிலும் வாய்ப்பு ஏற்பட்டது. இதை முன்னிட்டுச் சேர்வோர் அந்தந்த ஆண்டில் நேரில் கேட்டுத் தெளிதல் நலம். வேலை நேரம் மாறி மாறி வரும். தீபாவளியன்றும் பொங்கலன்றும் விடுப்புக் கிடைப்பது அரிது. பண்டிகை நாட்களில்தான் ஓட்டல் நிரம்பும் என்பதை நினைவில் கொள்க.

பயண நிறுவனங்களின் அலுவலகத்திற்குள் நடைபெறும் வேலை வெளியே தெரிவதில்லை. பயணச்சீட்டு எடுத்துத் தருவதே அவர்கள் தொழில் என்று நாம் எண்ணுகிறோம். அந்தக் காலம் போய்விட்டது. 2002-ஆம் ஆண்டில் இரயில் பயணச்சீட்டு இணையத்துக்கு வந்தது; இன்று சீட்டை எவரும் தாமே எடுத்துக்கொள்கிறார். எஞ்சி நிற்பது திட்டமிடும் அறிவே. பேருந்து வாடகை அறுபதாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முப்பது பேர் வந்தால் தலைக்கு இரண்டாயிரம். இருபது பேரே வந்தால் மூவாயிரம். முப்பது பேர் கணக்கில் விலை சொல்லிவிட்டு இருபது பேருடன் புறப்பட்டால் பத்தாயிரம்போல இருமடங்கு, அதாவது இருபதாயிரம் ரூபாய், கைப்பொருளிலிருந்து போகும். எத்தனை பேர் வருவர் என்று முன்கூட்டி ஊகிப்பதிலேயே இலாபமும் நட்டமும் உள்ளன. இத்தொழிலின் தந்தை எனத்தக்க தாமஸ் குக் 1841-ஆம் ஆண்டில் ஒரு மதுவிலக்குக் கூட்டத்திற்கு இரயிலில் மக்களை அழைத்துச் சென்று இதைத் தொடங்கினார். அவர் பெயரால் நடந்த பிரிட்டிஷ் நிறுவனம் 2019-ஆம் ஆண்டு செப்டம்பரில் கடன் சுமையால் மூடப்பட்டது. இந்தியாவில் அப்பெயரில் நடக்கும் நிறுவனம் வேறு உரிமையாளருடையதாதலால் அது தொடர்ந்து நடந்தது. கணக்கில் நாட்டமுள்ள பிள்ளைகளுக்கு இவ்வேலை பொருந்தும். இதற்கென்றே 1983-ஆம் ஆண்டில் தோன்றிய இந்தியச் சுற்றுலா மற்றும் பயண நிர்வாக நிறுவனம் குவாலியரில் உள்ளது. நொய்டா, புவனேசுவரம், நெல்லூர், கோவா ஆகிய இடங்களிலும் அதன் கிளைகள் உண்டு. விமான நிலைய வேலைகளும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. அவற்றைப் பற்றி இளைஞர்கள் நம்மைவிட நன்கறிவார்கள்.

நல்லவற்றை மட்டும் சொல்லி நிறுத்தினால் நண்பருக்குச் செய்த துரோகமாகும். இத்தொழிலுக்கு இரண்டு குறைகள் உண்டு.

முதலாவது, கடைக் கமிஷன். கோட்டையைப் பார்த்து முடித்ததும் பயணிகளை ஒரு குறிப்பிட்ட கம்பளக் கடைக்கோ பளிங்குச் சிற்பக் கடைக்கோ அழைத்துப் போவது, அவர்கள் வாங்கும் பொருளின் விலையில் ஒரு பங்கை வழிகாட்டி பெற்றுக்கொள்வது என்ற வழக்கம் ஊன்றிவிட்டது. அதனால் சிலர் நாள் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டும் வேலைக்கு வருகிறார்கள். நேர்மையாக இருப்பவரின் கட்டணம் அதிகம்போல் தோன்றுகிறது. குதுப்மினார் முதியவரிடம் இதைக் கேட்டோம். பயணி கேட்டால் அழைத்துச் செல்வேன். கேளாதவரை அழைத்துச் செல்லேன் என்றார். அப்படி இருந்ததால் இழந்த வருமானம் எவ்வளவு என்று கேட்டதற்குச் சிரித்தார். புதிதாகச் சேரும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு அந்த உறுதி எளிதில் வாய்க்குமா என்பது நமக்கு இன்னும் கவலைக்குரியதே.

இரண்டாவது, நிலையாமை. வடநாட்டுச் சமவெளியில் வெளிநாட்டார் வருவது அக்டோபர் முதல் மார்ச் வரை. கோடையில் வழிகாட்டிகளுக்கு வேலை சொற்பம். பத்ரிநாதம், கேதாரம் முதலிய மலைத்தலங்களோ ஏப்ரல், மே மாதங்களில் திறந்து ஐப்பசி, கார்த்திகை வாக்கில் மூடப்படும். இரண்டையும் அறிந்தவர் ஆண்டு முழுவதும் பிழைத்துக்கொள்வார். ஒன்றை மட்டும் நம்பினவர் பாதி ஆண்டு சேமிப்பில் வாழ வேண்டும். இவற்றையெல்லாம் விஞ்சியது 2020-ஆம் ஆண்டு. அவ்வாண்டு மார்ச்சில் நின்ற வெளிநாட்டு விமானப் போக்குவரத்து, 2022-ஆம் ஆண்டு மார்ச் இறுதியில்தான் வழக்கமான முறைக்குத் திரும்பியது. 2019-இல் 1 கோடியே 9 இலட்சமாக இருந்த வெளிநாட்டுப் பயணிகள் 2020-இல் சுமார் 27 இலட்சமாகவும், 2021-இல் சுமார் 15 இலட்சமாகவும் குறைந்தனர். ஜெர்மன் மொழி முதியவர் அவ்விரண்டு ஆண்டுகளும் வீட்டிலிருந்தபடி மாணவர்களுக்கு அம்மொழியைக் கற்பித்துக் குடும்பம் நடத்தினார். அவருடைய தோழர்கள் சிலர் வாடகை வண்டி ஓட்டினார்கள். 2021-ஆம் ஆண்டு ஜூனில் மத்திய அரசு, அங்கீகாரம் பெற்ற வழிகாட்டிகளுக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரையிலும், பயண நிறுவனங்களுக்குப் பத்து இலட்சம் ரூபாய் வரையிலும் ஈடின்றிக் கடன் பெற வழி செய்தது. மத்திய அமைச்சகத்தின் அங்கீகாரம் பெற்ற 10,700 வழிகாட்டிகளும் மாநில அங்கீகாரம் பெற்றோரும் அதற்குத் தகுதி உடையோர். அங்கீகாரமின்றி வழக்கத்தால் மட்டும் தொழில் செய்து வந்தவர்கள் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. உரிமச் சீட்டு ஒரு துண்டுக் காகிதந்தானே என்று அலட்சியமாக இருந்தவர்களுக்கு அன்றுதான் அதன் மதிப்புத் தெரிந்தது.

இவற்றையெல்லாம் சேகரித்துக்கொண்டு ஒரு மாலை நண்பர் வீட்டுக்குச் சென்றோம். முழுவதையும் கேட்டுவிட்டு அவர், "பென்ஷன் இல்லை, பாதி ஆண்டு வேலை இல்லை, நோய் வந்தால் மொத்தமும் இல்லை. இதைத்தான் நானும் சொன்னேன்" என்றார். அவர் சொல்வதில் தவறில்லை. பெண் பதில் பேசாமல் இருந்தாள். நாம் நம் எண்ணத்தைச் சொன்னோம். முதலில் ஒரு மொழியில் முறையான பட்டம் பெறட்டும். வழிகாட்டித் தொழில் ஓய்ந்தாலும் கற்பிக்கவும் மொழிபெயர்க்கவும் அது உதவும். உடன் படிக்க விரும்பினால், இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் சுற்றுலாப் பாடத்தை வீட்டிலிருந்தே குறைந்த செலவில் படிக்கலாம். சனி, ஞாயிறுகளில் அனுபவசாலியான வழிகாட்டியுடன் செல்லட்டும். ஓர் ஆண்டு அப்படிச் சென்ற பிறகும் விருப்பம் குறையாவிடில் உரிமத்துக்கு விண்ணப்பிக்கட்டும். முதல் ஆறு மாத வருமானத்தைத் தொடாமல் வைக்கும் பழக்கம் வேண்டும். அதிகாலையிலும் பின்னிரவிலும் போய்வரும் வேலையாதலால், வண்டி யார் அனுப்புகிறார்கள் என்பதைக் கேட்டுக்கொண்டே எந்த நிறுவனத்துக்கும் சம்மதிக்க வேண்டும். நண்பர் இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். அலுவலகக் குறிப்புப் போல எண்ணிட்டு எழுதினார். சம்மதம் என்று மட்டும் சொல்லவில்லை.

அந்தப் பெண் இப்பொழுது ஸ்பானிய மொழி முதலாண்டு படிக்கிறாள். ஞாயிறுதோறும் ஹுமாயூன் கல்லறைக்கோ செங்கோட்டைக்கோ அந்த முதியவருடன் போகிறாள் என்று கேள்வி. சென்ற வாரம் நண்பர் தொலைபேசியில் அழைத்தார். கும்பகோணத்திலிருந்து அவருடைய தமக்கையும் அத்திம்பேரும் இன்னும் ஆறு பேரும் வருகிறார்களாம். தில்லியையும் ஆக்ராவையும் மகளே சுற்றிக் காட்டப் போகிறாளாம். "வெள்ளிக்கிழமை எனக்கு விடுப்பு இருக்கிறது, அன்றைக்கே ஆக்ரா போகலாம் என்றால் இவள் கூடவே கூடாது என்கிறாள். காரணம் கேட்டால், நீங்களே விசாரித்துப் பாருங்கள் என்கிறாள். வெள்ளிக்கிழமையில் என்ன சார்?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமைகளில் தாஜ்மகாலில் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை என்று சொன்னோம். சற்று நேரம் மறுமுனையில் ஓசையில்லை. பிறகு, "அப்படியானால் சனிக்கிழமைக்கு வண்டி சொல்லிவிடுகிறேன்" என்று வைத்துவிட்டார்.